ரோஜாச் செடிக்கு ஒரு தவணை

எர்ணாவூரில் எங்கள் வீட்டு முன்வாசலில், சுற்றுச்சுவரை ஒட்டி, ஒரு பன்னீர் ரோஜாச் செடி நின்றது. ‘நின்றது’ என்று எழுதிவிட்டு, ‘நிற்கிறது’ எனத் திருத்த இயலாதா என்று சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். இயலாது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் அதனை என் கையாலேயே தோண்டி எடுத்துவிட்டேன்.

ஒரு பூச்செடி பட்டுப்போனதற்கு இவ்வளவு பெரிய முன்னுரையா என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். செடி பட்டுப்போனது மட்டுமே என் வருத்தமாக இருந்திருப்பின் இதனை எழுதத் துணியேன். அதனைக் கைவிட்டிருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அந்த நாள் என் கண்ணெதிரே வந்து, என்னோடு பேசி, கடந்து போயிற்று. அதனை நான் அறிந்துகொள்ளவில்லை. முப்பதாண்டுக் காலமாக மாணவர்களுக்குச் சட்டவிதிகளைப் பாடஞ் சொல்லி வருகிறவனுக்கு இது தலைகுனிவான செய்திதான். ஆயினும் சொல்லிவிடுகிறேன்.

செடியின் வரலாற்றை முதலிற் கூற வேண்டும். எர்ணாவூர்ச் செடிக்குத் தாய்ச்செடி இராயபுரத்தில் இருந்தது. அதற்குத் தாய் பழவேற்காட்டில். என் உம்மா மணமாகி வந்தபோது, தம் தாய்வீட்டுக் கிணற்றடியிலிருந்து ஒரு சாண் நீளக் குச்சியொன்றை ஈரக் கோணியிற் சுற்றிக் கொண்டுவந்தார்களாம். சீராக வந்த பாத்திர பண்டங்கள் எல்லாம் காலப்போக்கில் கைமாறிப் போயின. குச்சி மட்டும் செடியாயிற்று.

இராயபுரத்தில் எங்கள் வீடு ஒரு குறுகிய சந்தினுள் இருந்தது. பின்புறம் ஆறடிக்கு நான்கடி மண். தோட்டம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான். கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். அதனோடு கரித்தூளையும் கொண்டுவரும். காலையில் பாயை உதறினால் கரி. பாத்திரத்தைத் திறந்து வைத்தால் கரி. ஓதுகின்ற கிதாபின் ஓரத்தில் விரல் பட்டால் கரி. ரோஜா இலையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? உம்மா சுபுஹுத் தொழுகையை முடித்ததும் பின்கட்டுக்குப் போவார்கள். ஒளுச் செய்த நீர் செடியின் அடியிலேயே விழுமாறு கல் போட்டு வைத்திருந்தார்கள். ஈரத்துணி ஒன்றை எடுத்து இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார்கள். பள்ளிக்குச் செல்லும் அவசரத்தில் நான் ஒருநாள் கேட்டேன்: “நாளைக்கும் கரி படியத்தானே போவுது உம்மா?”

“நாளைக்குப் படிஞ்சா நாளைக்குத் தொடச்சுக்கலாம். இன்னிக்கு இலை மூச்சு விடட்டும்” என்றார்கள்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் உம்மாவைப் பற்றிய ஒரு சித்திரத்தை நான் எனக்குள் வரைந்து வைத்திருந்தேன். எதனையும் கைவிடாத பெண்மணி. கரியோடும் உப்போடும் போராடி ஒரே செடியை நாற்பதாண்டு காத்தவர். பின்னால் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் இச்சித்திரமே காரணம் என்பதால் இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் நிலக்கரியை இறக்கும் வேலை எண்ணூர்ப் பக்கம் மாற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே இலைகளின் நிறம் மாறியதைக் கண்டோம். உம்மாவுக்குத் துடைக்கும் வேலை குறைந்தது. அதில் அவர்களுக்குச் சற்றே ஏமாற்றமும் இருந்ததாக எனக்குத் தோன்றியது! ஆனால் 2013இல் அந்தச் சந்து வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவதாக உரிமையாளர் கூறிவிட, நாங்கள் எர்ணாவூருக்குக் குடிபெயர்ந்தோம். நிலக்கரி வடக்கே போயிற்று. பின்னாலேயே நாங்களும் போனோம். மறுபடியும் ஒரு சாண் குச்சி, மறுபடியும் ஈரக் கோணி. 2019இல் உம்மா இறையடி சேர்ந்தார்கள். அன்று காலையும் செடியில் இரண்டு பூக்கள் இருந்தன.

இவ்விடத்தில் ஒரு சிறு கிளைப்பேச்சு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் காட்டும் 99 மலர்களுள் ரோஜா இல்லை. அது பின்னாளில் நம் நாட்டுக்கு வந்த விருந்தாளி. ‘ரோஜா’ என்ற சொல் மேனாட்டார் வழியாக வந்தது. அதற்கு முன்பே நம் முன்னோர் ‘குலாப்பூ’ என்று வழங்கியது பாரசீகத்திலிருந்து. ‘குல்’ என்றால் பூ, ‘ஆப்’ என்றால் நீர். அரபியில் ‘வர்து’. ஆயினும் திருமணப் பந்தலில் செம்பிலிருந்து தெளிக்கும் அந்த மணநீருக்குப் ‘பன்னீர்’ என்று நாம் வைத்த பெயர், நீருக்கு உரியதாய் நில்லாமல் செடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பன்னீர் ரோஜா பார்வைக்குப் பகட்டானதன்று. இளஞ்சிவப்பு, இதழ்கள் நெகிழ்ந்தவை, பறித்த மறுநாளே உதிரும். கடையில் விற்கும் நெடிய காம்பு ரோஜாவின் முன்னால் நிறுத்தினால் ஏழை உறவினர்போல் காணப்படும். மணத்தில் மட்டும் இதற்கு அது ஈடாகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அதுவே நம் பொருளுக்கு இன்றியமையாதது. விற்பனைக்கு வரும் ரோஜாக்களிற் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். வலிய வேருடைய காட்டு ரோஜா ஒன்றின் தண்டில், அழகிய ரோஜாவின் மொட்டினைப் பொருத்திக் கட்டி வளர்ப்பார்கள். செவில்லா நகரத்து இப்னுல் அவ்வாம் (ரஹ்) 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கிதாபுல் ஃபிலாஹாவிலேயே ஒட்டுக்கட்டும் முறைகள் விரிவாகப் பேசப்படுகின்றன. ஒட்டுச் செடியில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: ஒட்டுப் போட்ட அந்த முடிச்சு. முடிச்சுக்கு மேலே பச்சை இருந்தால் நீங்கள் வாங்கிய ரோஜா உயிரோடு இருக்கிறது. முடிச்சுக்குக் கீழிருந்து எத்தனை செழிப்பாகத் துளிர்த்தாலும் அது வேறு செடி. என் மனைவி ஒருமுறை அடர்சிவப்பு ரோஜா ஒன்றை வாங்கி வந்தாள். கோடையில் வாடி, பிறகு அடியிலிருந்து நெடுநெடுவென்று கிளம்பியது. பிழைத்துவிட்டது என்று தெருவே மகிழ்ந்தது. ஓராண்டு நீரூற்றினோம். ஒரு பூக்கூட இல்லை. நாங்கள் வளர்த்தது முடிச்சுக்குக் கீழே இருந்த காட்டுச் செடியை.

குச்சியிலிருந்து வந்த செடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. வேரும் அதுவே, கிளையும் அதுவே. மேலே எல்லாம் கருகிப்போனாலும் வேரில் உயிர் இருந்தால் அதே ரோஜா திரும்பி வரும். ஜெர்மனியில் ஹில்டெஸ்ஹைம் என்னும் ஊரில் தலைமைத் தேவாலயத்தின் சுவரிற் படர்ந்த ஒரு காட்டு ரோஜா உண்டு. அதற்கு ஆயிரம் ஆண்டு வயது என்பது அவ்வூர் வழக்கு. 1945 மார்ச் 22ஆம் நாள் விமானக் குண்டுவீச்சில் தேவாலயம் எரிந்து வீழ்ந்தது. செடியும் எரிந்து இடிபாட்டில் புதைந்தது. சில வாரங்களில் அந்த இடிபாட்டுக்கிடையே புதுத் துளிர்கள் எழுந்தன. இன்றும் அது அங்கே பூக்கிறது. இச்செய்தியைப் படித்த நாள்முதல் எனக்கு ரோஜாவின் வேர்மீது ஓர் அசையாத நம்பிக்கை ஏற்பட்டிருந்தது. அதுவும் எனக்குக் கேடாய் முடிந்தது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை. பக்கிங்காம் கால்வாய் பெருகி எங்கள் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அது வெறும் வெள்ளமாக வரவில்லை. கச்சா எண்ணெயைச் சுமந்துகொண்டு வந்தது. எங்கிருந்து கசிந்தது, யார் பொறுப்பு என்பதை அதற்குரிய மன்றங்களில் பேசினார்கள்; நான் அதற்குள் புகவில்லை. வெள்ளம் வடிந்தபோது சுவரெங்கும் இடுப்பளவில் ஒரு கறுப்புக் கோடு. பாய், தலையணை, பிள்ளைகளின் புத்தகம், நான் இருபதாண்டுகளாகக் குறிப்பெழுதிச் சேர்த்த இரண்டு நோட்டுகள், எல்லாம் போயின. கழிமுகத்தில் வலை வீசிப் பிழைத்தவர்கள் இழந்ததன் முன்னால் இவை ஒரு பொருட்டல்ல. படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டு, மீன் பிடிக்கவும் வழியின்றி, வாளியால் எண்ணெயை முகந்து கொட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்து ரோஜாச் செடிக்காக வருந்த வெட்கமாக இருந்தது. ஆயினும் வருந்தினேன்.

செடி இரண்டு நாள் அந்த நீரில் நின்றது. பத்து நாளில் இலைகள் முற்றும் உதிர்ந்தன. கிளைகள் நுனியிலிருந்து கறுக்கத் தொடங்கின. ரோஜாவில் இதனைப் பின்கருகல் என்பர். கருகல் மேலிருந்து கீழே இறங்கும். பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட்டால் சில வேளைகளில் நிற்கும். வெட்டினேன். மறுவாரம் இன்னும் நான்கு விரல் இறங்கியிருந்தது. மீண்டும் வெட்டினேன். எங்கள் ஆழ்குழாய் நீரோ உப்பு. முன்பே இலை ஓரங்கள் தீய்ந்தாற்போலத்தான் இருக்கும். எனவே லாரியில் வரும் குடிநீரில் எங்கள் பங்கிலிருந்து தினமும் ஒரு குடம் செடிக்கு விட்டேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. பேசாதிருப்பதும் ஒருவகைப் பேச்சுத்தான். ஊற்றிய நீர் மண்ணுக்குள் இறங்கவில்லை என்பதையும் பார்த்தேன். மேலே முத்துமுத்தாய் உருண்டு நின்றது. பிறகு ஓரமாக வழிந்தோடியது.

ஜனவரி மாத இறுதியில், மூன்று சக்கர வண்டியில் செடி விற்று வருபவர் ஒருவர் வாசலில் நின்றார். செடியைப் பார்த்தார், கேட்காமலே குனிந்து, விரல் நகத்தால் கிளைகளின் பட்டையைக் கீறிப் பார்த்தார். பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பானால் இல்லை. பிறகு மண்ணை ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

“இத விட்டுடுங்க பாய். மூணு கெளையில பச்ச இருக்குது. இப்பவே வெட்டி மணல்ல நட்டு வச்சீங்கன்னா ஒண்ணாவது பொழைக்கும். இங்க மண்ணு செத்துப்போச்சு.”

நான் சொன்னேன்: “மூன்று கிளையையும் வெட்டிவிட்டால் செடியில் என்ன மிஞ்சும்?”

“ஒண்ணும் மிஞ்சாது. அதான் விட்டுடுங்கன்றேன்.”

அவர் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் முதலிற் குறிப்பிட்ட நாள் அதுதான்.

நான் ஏன் அவர் சொற்படி செய்யவில்லை? எனக்கு ஒரு சட்டவிதி கைகொடுத்தது. ஃபிக்ஹு நூல்களின் ஐந்து பெரும் அடிப்படை விதிகளுள் ஒன்று, உறுதியானது ஐயத்தால் நீங்காது என்பது. ஒருவர் ஒளுச் செய்தது உறுதி. அது முறிந்ததோ என்று பிறகு ஐயம் வந்தால், ஐயத்தைத் தள்ளிவிட்டு உறுதியையே பற்றிக்கொள்ள வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் மாணவர்களுக்கு நான் விளக்கிய விதி. செடி உயிரோடிருந்தது உறுதி. அது செத்ததா என்பது ஐயம். மூன்று கிளையில் பச்சை வேறு இருக்கிறது. ஆகவே உயிரோடிருப்பதாகவே கொள்ள வேண்டும், கைவிடுவது தகாது. பாடம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பாடம் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது, பொருத்துகிறவன் தன் உள்ளத்தைச் சற்றே சோதித்துக்கொள்ள வேண்டும். நான் சோதிக்கவில்லை. உம்மாவின் செடியைப் பிடுங்க எனக்கு மனமில்லை. அந்த மனமின்மைக்கு ஃபிக்ஹு என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

ஏப்ரலில் என் மனைவி வாய் திறந்தாள். “அந்த இடத்துல ஒரு முருங்கையாவது வெக்கலாமே” என்றாள். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது பெரியம்மாவின் வழக்கு. செடியிலிருந்து அதற்கு எப்படித் தாவினேன் என்றால், அதுவும் காத்திருப்பின் தவணை பற்றியதுதான்.

உம்மாவின் அக்காவைத்தான் பெரியம்மா என்கிறேன். அவர்களுடைய கணவர் 1974இல் கப்பல் வேலைக்குப் போனார். 1975இல் ஒரு கடிதம் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. துறைமுகத்தை அண்டி வாழும் ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கும். இறந்தார் என்ற செய்தியும் இல்லை. இருக்கிறார் என்ற செய்தியும் இல்லை. இவ்வாறு காணாமற்போனவரை அரபியில் ‘மஃப்கூத்’ என்பர். ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பில், அவரையொத்த வயதினர் யாவரும் இறந்து தீரும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். எங்கள் இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்களுக்கு இதில் இரு கூற்றுகள் உண்டு. முற்காலக் கூற்றில் நான்காண்டு. பிற்காலக் கூற்றில் மரணம் உறுதியாகும்வரை. நான்காண்டு என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக வந்துள்ளது; இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதனையே கைக்கொண்டார்கள். நான்காண்டு கழிந்தபின் கணவனை இழந்தவளுக்குரிய இத்தா, நான்கு மாதம் பத்து நாள். அதன்பின் அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். வட இந்தியாவின் ஹனஃபி உலமாக்களே 1930களில், பெண்களின் துயர் கண்டு, மாலிகி தீர்ப்பை ஏற்கலாம் என்றார்கள். மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் அது குறித்து நூலே எழுதினார்கள். அதனையொட்டி வந்த 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில், கணவனைப் பற்றி நான்காண்டு தகவல் இல்லையெனில் மனைவி நீதிமன்றத்தில் முறிவு கோரலாம் என்று முதற் காரணமாகவே வைத்தார்கள். அச்சட்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. தீர்ப்புச் சொன்ன அன்றே அது செல்லாது. ஆறு மாதம் கழியவேண்டும். அதற்குள் கணவன் வந்து, இல்லறக் கடமைகளைச் செய்ய ஆயத்தமாக இருக்கிறேன் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால், தீர்ப்பு நீங்கிவிடும்.

பெரியம்மா 1980இல் வழக்குத் தொடுக்க எண்ணியபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெருங்கூட்டம் கூடியது. எனக்கு அப்போது பதினோரு வயது. உறவின் மூத்தவர் ஒருவர், “மச்சான் நாளைக்கே வந்து நின்னா என்ன பதில் சொல்றது?” என்று உரக்கக் கேட்டார். ஆண்கள் பேசும் இடத்தில் பேசாத உம்மா, அன்று கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார்கள்: “காத்திருக்கிறவளும் உசிருள்ள செடிதானே? அவ பட்டுப்போன பிறகு யார் வந்து என்ன?”

பெரியம்மா வழக்குத் தொடுத்தார்கள், தீர்ப்புப் பெற்றார்கள், ஆறு மாதமும் காத்திருந்தார்கள். பழவேற்காட்டில் மனைவியை இழந்த ஒருவரை மணந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, பேரன் பேத்தி கண்டு மறைந்தார்கள். முதற் கணவரைப் பற்றிக் கடைசிவரை எந்தத் தகவலும் இல்லை.

இந்த வழக்கு நினைவுக்கு வந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? செடியைக் கைவிடுவதாக என் மனைவியிடம் ஒப்புக்கொண்டு, ஆனால் சட்டத்தில் உள்ளபடி ஆறு மாதத் தவணை வேண்டும் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. ஏப்ரலிலிருந்து எண்ணினால் அக்டோபர். அதுவரை ஒரு குடம் நீர் தொடரும்.

இப்போது எண்ணிப் பார்க்கும்போது என் பிழை எனக்கே வெளிச்சமாகத் தெரிகிறது. தவணை என்பது காணாமற்போனவருக்காக மட்டும் வைத்ததன்று. காத்திருக்கிறவளின் ஆயுள் கரைந்துவிடாமல் இருக்க வைத்தது. உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னது அதைத்தான். என் வாசலில் காத்திருந்தவை அந்த மூன்று பச்சைக் கிளைகள். அவற்றைக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. மே மாதக் கத்திரி வெயிலில் முதற் கிளை பழுத்தது. ஜூன் தொடக்கத்தில் மற்ற இரண்டும். அப்போது பதறி மூன்றிலிருந்தும் குச்சிகள் வெட்டி மணலில் வைத்தேன். வேரின்றி அத்தனை மாதம் உலர்ந்த கிளை எப்படித் துளிர்க்கும்? ஒரு வாரத்தில் அவை விறகாயின. ஜனவரியில் செடியை விட்டிருந்தால் ரோஜா பிழைத்திருக்கும். செடியை விடமாட்டேன் என்று நான் பிடித்த பிடியில் ரோஜா போயிற்று.

ஹில்டெஸ்ஹைம் செடியின் கதையை நான் தவறாகப் படித்திருந்தேன் என்பதும் அக்டோபரில் தோண்டியபோதுதான் விளங்கிற்று. நெருப்பு மேலிருந்து வந்தது. கிளைகளைத் தின்றது; இடிபாடு மூடிய வேரை விட்டுவைத்தது. எங்கள் எண்ணெய் கீழிருந்து வந்தது. அது முதலில் தின்றதே வேரை. கடப்பாரையால் இரண்டு குத்துக்குள் செடி எழுந்துவந்துவிட்டது. பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. பெருவேர் கறுத்து, பட்டை உறைபோலக் கழன்றது. பத்து மாதத்துக்குப் பிறகும் குழியிலிருந்து அந்த வாடை வந்தது. மேலே தெரிந்த பச்சை, தண்டில் மிச்சமிருந்த பழைய உயிரின் செலவு. நான் அதனை வருவாய் என்று எண்ணிக் களித்திருந்தேன்.

குழியை மூடும்போது, நாம் எல்லோரும் மேடைகளில் எடுத்துச் சொல்லும் ஒரு நபிமொழி நினைவில் எழுந்தது. அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வந்து, இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அல்அதபுல் முஃப்ரதில் இடம்பெற்றது: இறுதி நேரமே வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருப்பின், இயலுமானால் அதனை நட்டுவிடும்படி பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த கருத்து. நம்பிக்கையை விடாதே என்று இதற்கு நான் பலமுறை விளக்கம் உரைத்ததுண்டு. ஆனால் அங்கே பேச்சு நடுவதைப் பற்றியது. கையில் இருக்கும் கன்றைப் பற்றியது. பட்ட செடிக்குக் காவலிருக்கும்படி அதில் ஒன்றும் இல்லை. கையில் கன்று இருந்த நாளில் நான் காவலிருந்தேன்.

அந்த வாரமே இராயபுரம் போனேன். உம்மா தம் செடியிலிருந்து அக்கம்பக்கத்தில் பலருக்குக் குச்சி கொடுத்ததுண்டு. காசிமேட்டுப் பக்கம் மீன் விற்றுப் பிழைத்த ஓர் அம்மையார் இன்னும் அதே வீட்டில் இருப்பதாக அறிந்திருந்தேன். எண்பதை எட்டிய வயது. என்னைக் கண்டதும் அடையாளங் கண்டு, “நம்ம பீவியம்மா மவன்தானே நீ?” என்று உள்ளே அழைத்தார். வீட்டுப் புறத்தே, உடைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றில், அந்தச் செடி! இடுப்பளவுதான், கணுக்கணுவாய் வெட்டுப்பட்ட அடித்தண்டு, உச்சியில் மூன்று பூக்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூவை இராயப்பர் ஆலயத்துக்குக் கொண்டுபோவாராம்.

நான் என் கதையைச் சொன்னேன். நாற்பதாண்டு உம்மா காத்த செடியை நான் நாசமாக்கிவிட்டேன் என்று சொன்னபோது குரல் தழுதழுத்துவிட்டது. அம்மையார் என்னைச் சற்றே வியப்போடு பார்த்தார்.

“எந்த நாப்பது வருசம்? ஒங்கம்மா அந்தச் செடிய ரெண்டு வாட்டி புடுங்கிப் போட்டாங்களே, ஒனக்குத் தெரியாதா? கரியில ஒரு வாட்டி, செதிலு புடிச்சி ஒரு வாட்டி. புடுங்கிட்டு நேரா இங்க வருவாங்க. ‘ஒங்கிட்ட குடுத்து வெச்சத எடுத்துக்கறேன்’னு சொல்லி குச்சி வெட்டிக்கிணு போவாங்க. ஏங்கிட்ட பட்டுப்போச்சுன்னா அவங்க குடுப்பாங்க. எத்தினி வாட்டி மாத்திக்கிணோம்னு கணக்கு யாரு வெச்சது?”

நான் மாணவனாக வெளியூர் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த ஆண்டுகளாக இருக்க வேண்டும் அவை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் செடி அதே இடத்தில் நிற்கும். அதே செடி என்றே எண்ணினேன். உம்மா சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. இலையைத் துடைத்த கையைப் பார்த்திருக்கிறேன். பிடுங்கிய கையைப் பார்த்ததில்லை.

அம்மையாரே கத்தரித்துக் கொடுத்தார். பென்சில் பருமனில், கணு நான்கு உள்ள குச்சிகள் நான்கு. கீழ்வெட்டுக் கணுவுக்கு அடியிலும், மேல்வெட்டுச் சாய்வாகவும் இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடஞ் சொன்னார். இரண்டு கணு மணலுக்குள், இரண்டு வெளியே. ஈரக் கோணிக்குப் பதில் ஈரச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் நின்றபடி வந்தேன். மாலை நேரம், நெரிசல். பைக்கு ஒன்றும் ஆகாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன்.

இம்முறை மண்ணில் வைக்கவில்லை. பழைய ரோஜா பட்ட குழியில் புது ரோஜாவை மண் மாற்றாமல் வைத்தால் தேறாது என்பது அனுபவமுள்ளோர் கூற்று. எங்கள் மண்ணை எத்தனை அடிக்கு மாற்றுவது? மொட்டைமாடியில் தொட்டி, வெளியிலிருந்து வாங்கிய செம்மண், ஆற்று மணல், மக்கிய எரு. அந்த மழைக்காலத்தில் மூன்று குச்சிகள் அழுகின. நான்காவது, 2025 ஜனவரியில், ஒரு கணுவில் செம்மை படிந்த சிறு துளிர் காட்டிற்று. வேர் பிடித்த துளிரா, தண்டில் மிச்சமிருந்த உயிரின் செலவா என்று அப்போது சொல்ல இயலாது. பட்டையைக் கீறிப் பார்க்கலாம் என்று விரல் போயிற்று. மனைவி கையைத் தட்டிவிட்டாள்.

அந்தத் துளிர் இலையாகி, இன்னும் இரண்டு கிளைகள் கிளம்பியபின், முதல் வேலையாக அதிலிருந்து இரண்டு குச்சிகளை வெட்டினேன். ஒன்று அடுத்த தெருவில் என் மாணவன் ஒருவனின் வீட்டில் இருக்கிறது. மற்றொன்றைக் காசிமேட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மையார் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏஞ்செடி நல்லாத்தானே இருக்குது, இது எதுக்கு?” என்றார். இருக்கட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.